முழங்கால் தேய்மானத்துடன் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்: வலி மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி – மூத்தமகள்
என் தாயாருக்கு வயது 71. நீண்ட காலமாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள அவருக்கு இப்போது இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். மருந்துக்கடையில் தாமாகவே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி அன்றாடம் சாப்பிடுகிறார். அண்மையில் அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. கணுக்காலிலும் வீக்கம் தெரிகிறது. இவற்றுக்கும் முழங்காலுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி – மருந்தாளுநர்
உண்டு, அம்மா, பெரும்பாலும் அந்த மாத்திரை வழியாக. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. டெல்மிசார்டான் அல்லது ராமிப்ரில் என்ற அழுத்த மாத்திரையுடன், சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்து விழுங்கினால், சிறுநீரகம் திடீரெனப் பழுதுபடும் அபாயம் கூடுகிறது. இதய நோய் இருப்பவர்களுக்கு டைக்ளோஃபெனாக் ஆகாது. ஆஸ்பிரினும் சாப்பிடுபவர்களுக்கு இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் ஏற்படலாம். வீக்கத்துக்கு அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரையும் காரணமாகலாம் என்பதால், எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகத்தின் நிலையை அறிய கிரியாட்டினின், பொட்டாசியம் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முழங்கால் தோலுக்கு அருகிலுள்ள மூட்டு என்பதால் பூசும் ஜெல் ஓரளவு பயன்தரும். அதிலிருந்து இரத்தத்தில் சேரும் மருந்து மிகக் குறைவு.

மறுமொழி – இயன்முறை மருத்துவர்
மேலே சொன்னது சரியே, ஆனால் மாத்திரை பாதிக் கதைதான். வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் தொடைத் தசை மெலிகிறது, எடை ஏறுகிறது, சர்க்கரை உயர்கிறது. மெலிந்த தசையால் மூட்டின் மீது சுமை கூடி, தடுக்கி விழும் வாய்ப்பும் பெருகுகிறது. இரவு வலியால் தூக்கம் கெட்டு, கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போக முடியாமல் மனச்சோர்வுக்கு ஆளாகும் முதியவர்கள் பலர். அதை "வயதாகிவிட்டது" என்று வீட்டார் ஒதுக்குவதுதான் எனக்கு வருத்தம். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்தும் பயிற்சியில் தொடங்கலாம். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

மூத்தமகள்
மிக்க நன்றி. அவர் நீர் மாத்திரை கலந்த டெல்மிசார்டானைத்தான் சாப்பிடுகிறார். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார்களே?

மருந்தாளுநர்
வலி சில வாரங்கள் தணியலாம். ஆனால் ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஆகவே அந்நாட்களில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதையும், நாள்தோறும் டைக்ளோஃபெனாக் சாப்பிட்டு வந்ததையும் ஊசி போடும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.