அஃப்லாக் வகைத் துணைக் காப்பீடு: தேவையா, அச்சத்தை விற்கும் வியாபாரமா?

கொங்கு வாசகன்
நான் பணிபுரியும் அமெரிக்க நிறுவனத்தில் அடுத்த ஆண்டுக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம் இது. வழக்கமான மருத்துவக் காப்பீட்டுக்குக் கீழே, அஃப்லாக் நிறுவனத்தின் புற்றுநோய், விபத்து, மருத்துவமனை அனுமதி ஆகிய பாலிசிகளைத் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். பிரீமியம் சம்பளத்திலேயே பிடித்தமாகும். நோய் வந்தால், பாலிசியில் எழுதியுள்ள தொகை மருத்துவமனைக்குப் போகாமல் நேரே நம் கைக்கு வரும் என்கிறார் முகவர். ஏற்கெனவே ஒரு காப்பீடு இருக்கும்போது இதை எடுக்கத்தான் வேண்டுமா?

தணிகை
வேண்டாம் என்பேன். ஏமஸ் சகோதரர்கள் மூவர் 1955-இல் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் தொடங்கியபோது இது மற்றவற்றைப் போன்ற ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம்தான். போட்டியில் தனித்துத் தெரிவதற்காக, எந்த நோயின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்குவார்களோ அந்த நோய்க்கென்றே 1958-இல் ஒரு பாலிசியைக் கொண்டுவந்தார்கள். இத்தகைய புற்றுநோய்ப் பாலிசிகளை ஆராய்ந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதியோர் நலக் குழு, 1980-இல் வெளியிட்ட தன் அறிக்கையின் தலைப்பிலேயே, இது அச்சத்தைச் சுரண்டி லாபம் பார்க்கும் தொழில் என்று சொல்லிவிட்டது.

கணக்கையும் பாருங்கள். வசூலிக்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 விழுக்காட்டை மருத்துவத்துக்கே செலவிட வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் சட்டம் வழக்கமான மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. துணைக் காப்பீட்டுக்கு அந்த விதி பொருந்தாது. அஃப்லாக்கின் அமெரிக்கப் பிரிவில் அண்மை ஆண்டுகளில் பாலிசிதாரர்களிடம் திரும்பிப் போவது ஏறத்தாழப் பாதிதான்.

மலர்விழி
நண்பர் தணிகை ஒப்பிடும் விதம் சரியில்லை. மாதந்தோறும் பெருந்தொகை வாங்கும் காப்பீட்டுக்கும் சிறுதொகை வாங்கும் காப்பீட்டுக்கும் ஓர் ஆளைச் சேர்ப்பதற்கும், கணக்கு வைப்பதற்கும், க்ளெய்மைச் சரிபார்ப்பதற்கும் ஆகும் வேலை கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே சிறிய பிரீமியத்தில் நிர்வாகச் செலவின் பங்கு கூடுதலாகத்தான் தெரியும்.

மருத்துவக் காப்பீடு எதற்குப் பணம் தருவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு விடுப்புச் சட்டம் தகுதியுள்ள ஊழியருக்கு 12 வாரம் வேலையைக் காத்துத் தருகிறதே தவிர, அந்த நாள்களுக்குச் சம்பளம் தருவதில்லை. கீமோதெரபிக்காக வேறு ஊருக்குப் போய்வரும் ஒருவருக்கு வீட்டு வாடகை, கார் தவணை, பெட்ரோல், உடன் வருபவர் இழக்கும் கூலி ஆகியவற்றை எந்த மருத்துவக் காப்பீடு ஈடுசெய்யும்?

தணிகை
அமெரிக்காவின் ஓட்டைகளை அடைக்கத்தான் இந்தக் காப்பீடு என்றால், நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வருவது எப்படி? அங்கே 1961 முதல் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. பெரும்பாலோர் கட்டணத்தில் 30 விழுக்காட்டைத்தான் கட்டுகிறார்கள். அதற்கும் மாத உச்சவரம்பு இருக்கிறது. தேவை குறைந்த நாட்டில் விற்பனை கூடுகிறதென்றால், விற்கப்படுவது பயம்தானே?

கான்சாய் தமிழன்
ஜப்பானில் வசிப்பவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சிக்கு வந்த ஜான் ஏமஸ், சளிக்காகக்கூட மக்கள் முகக்கவசம் அணிவதைக் கண்டு, உடல்நலத்தில் இவ்வளவு கவனமுள்ளவர்கள் காப்பீடும் வாங்குவார்கள் என்று முடிவு செய்தார் என்பது நிறுவனம் ஓயாமல் சொல்லும் கதை. கதை அழகானது, ஆனால் வியாபாரம் நிலைத்ததற்கு 1974-இல் கிடைத்த உரிமமும், அதைச் சுற்றி அரசு போட்ட வேலியுமே முதற்காரணம் என்று கருதுகிறேன். ஆயுள் காப்பீட்டிலும் சேராமல், பொதுக் காப்பீட்டிலும் சேராமல் 'மூன்றாம் பிரிவு' எனப்பட்ட இந்தத் துறையில் உள்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் தாராளமாக நுழைய 2001 வரை தடை இருந்தது. அமெரிக்க அரசு வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் வற்புறுத்தி அந்தத் தடையை நீட்டித்தது.

விற்ற முறையும் கவனிக்கத்தக்கது. பெரிய கம்பெனிகள் தங்களுக்கென ஏஜென்சியாக ஒரு துணை நிறுவனத்தை அமைத்து, ஓய்வுபெற்ற தங்கள் ஊழியர்களை அதில் அமர்த்தி, பணியில் இருப்பவர்களிடம் இந்தப் பாலிசியை விற்கச் செய்தன. நேற்றுவரை தன் மேலாளராக இருந்தவர் படிவத்தை நீட்டினால் யார் மறுப்பார்கள்?

தேவையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பலர் படுக்கும் அறையை விட்டுத் தனியறை கேட்டால், அதற்கான கூடுதல் கட்டணத்தை அரசுக் காப்பீடு ஏற்காது. அது மாத உச்சவரம்பிலும் சேராது. 1981 முதல் ஜப்பானில் அதிகம் உயிர்பறிக்கும் நோய் புற்றுநோய்தான்.

ஜப்பானை நிறுவனம் எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது 2011-இல் வெளிப்பட்டது. 2000-இல் அறிமுகமாகி அதுவரை பலரும் அறியாதிருந்த பெயரை அமெரிக்கா முழுக்கக் கொண்டுசேர்த்த விளம்பர வாத்துக்குக் குரல் கொடுத்தவர் கில்பர்ட் காட்ஃபிரீட். அவ்வாண்டு ஜப்பானைத் தாக்கிய சுனாமியைக் கேலிசெய்து அவர் ட்விட்டரில் எழுதியதும், நிறுவனம் உடனே அவரை நீக்கிவிட்டது. அப்போது வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது.

தணிகை
வேலி போட்டு வளர்த்த பயிர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாங்கியவர்களுக்கு வேறு கடையும் இல்லை, மறுக்கும் துணிவும் இல்லை.

மலர்விழி
வேலியை 2001-இல் பிடுங்கிவிட்டார்களே! ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் உள்ளே வந்தபின்னும் புற்றுநோய்க் காப்பீட்டில் அஃப்லாக் முதலிடத்தில்தான் இருக்கிறது. 2013-இல் ஜப்பான் அஞ்சல் குழுமம் தன் அஞ்சலகங்களில் இதன் பாலிசியை விரிவாக விற்க உடன்பட்டது. 2018-இல் அஃப்லாக்கின் பங்குகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை வாங்கவும் முடிவு செய்தது. பயம் மட்டுமே மூலதனம் என்றால் அரை நூற்றாண்டு ஓடுமா?

தணிகை
ஓடும். அஞ்சலகம் கையில் கிடைத்தால் எதையும் விற்கலாம்.

கொங்கு வாசகன்
மூவருக்கும் நன்றி. எனக்குக் கையிருப்பு ஓரளவு உண்டு; வேலைக்குப் போகாத மனைவியும் சிறு குழந்தையும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

மலர்விழி
ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இருந்தால் புற்றுநோய்ப் பாலிசியை விட்டுவிடலாம். அது இல்லையென்றால் அதை மட்டும் எடுங்கள், மூன்றையும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காத்திருப்புக் காலத்துக்கும் என்ன விதி என்பதைப் பாலிசி ஆவணத்திலேயே படித்துவிடுங்கள்.

தணிகை
கையெழுத்திடும் முன், பிரீமியத்தை வரி கணக்கிடுவதற்கு முன் பிடிக்கிறார்களா, பின்பா என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். முன்பே பிடித்தால் இப்போது வரி கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் க்ளெய்மாக வரும் தொகை, நீங்கள் கையிலிருந்து கட்டிய மருத்துவச் செலவை மிஞ்சினால், அந்த மிச்சத்துக்கு வரி உண்டு.