பரிசல் ஓட்டப் பழகுற பிள்ளைக்கு: காவிரிக்கரைக்காரங்க அனுபவம்

ஈரோடு:
பத்தாவது எழுதுன பொண்ணு பரிசல் ஓட்டியே ஆகணும்ங்கறா. லீவுல குடும்பத்தோட ஒரு நாள் போகலாம்னு இருக்கோம். எங்க போறது, எதுல ஆரம்பிக்கறது? பழகுனவங்க சொல்லுங்க.

நெரிஞ்சிப்பேட்டை:
ஒகேனக்கல்லுல ஆரம்பிக்காதீங்க. அந்தப் பாறை இடுக்கும் ஓட்டமும் பழகுன கைக்குத்தான். மேட்டூருக்குக் கீழ கதவணை தேக்கி வெச்சிருக்கற தண்ணி, நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவுல குளமாட்டக் கெடக்கும். கரையோரமா, உள்ளூர்ப் பரிசல்காரரோட எறங்குங்க. விசைப்படகு போற தடத்துல குறுக்க நிக்காதீங்க. கதவணைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அங்க மின்சாரம் எடுக்கறாங்க, தண்ணி உள்ள இழுக்கும். மேல பாத்தா அலையே தெரியாது, அதுதான் ஏமாத்து.

பரிசலுக்கு முன்னும் இல்ல, பின்னும் இல்ல. துடுப்பு விழற பக்கந்தான் முன். படகுக்குப் போடற மாதிரி பக்கத்துல போட்டு வலிச்சா நின்ன எடத்துலயே பம்பரமாச் சுத்தும். போற திசையைப் பாத்து விளிம்போரம் முட்டி போட்டு உக்காரணும். துடுப்பை நட்டுக்குத்தலாப் புடிச்சு, கை நீட்டுற தூரத்துல எறக்கி, தண்ணியை வயித்துப் பக்கம் இழுக்கணும். விளிம்புக்கு ஒரு சாண் இருக்கறப்பவே நிறுத்திரணும். அப்பறம் துடுப்புப் பலகையைத் திருப்பி, கத்தி அறுக்கற மாதிரி பக்கவாட்டுல வெளிய கொண்டு போய் அடுத்த இழுப்பு. சித்த வலது, சித்த இடதுன்னு மாத்தி மாத்தி. மேல இருந்து பாத்தா தண்ணியில 8 எழுதுற மாதிரி இருக்கும்.

பிள்ளைங்க பண்ற தப்பு ரெண்டு. ஒண்ணு, அந்த ஒரு சாணை விடாம கடைசி வரைக்கும் இழுக்கறது. பலகை பரிசலுக்கு அடியில போய் மாட்டும், விளிம்பு சாயும், ஆள் தலைகுப்புறப் போவாங்க. இன்னொண்ணு, நல்லாத் திரும்புன பின்னால திருத்தப் பாக்கறது. பரிசலோட முகம் இடது பக்கம் போக ஆரம்பிக்கறப்பவே அடுத்த இழுப்பை வலது ஓரமாப் போட்டா நேராயிரும். எதிர்க்கரையில ஒரு தென்னையைக் குறி வெச்சுக்கச் சொல்லுங்க. மொதல் அரை மணி நேரம் எங்கயும் போக வேண்டாம். வேணும்னே சுத்த விட்டு, ஒரே இழுப்புல நிறுத்தற பயிற்சி மட்டும்.

பவானி:
மேல சொன்னது நின்ன தண்ணிக்கு. ஓட்டத்துல எறங்கறதுக்கு முன்னால கரையில நின்னு தண்ணியைப் படிக்கச் சொல்லிக் குடுங்க. மேல இருந்து வாரப்ப, தண்ணி மேல V மாதிரி கூம்பு தெரியும். அதோட நுனி நம்மைப் பாத்து இருந்தா அடியில பாறை. நுனி அக்கட்ட, கீழ பாத்து இருந்தா அதுதான் வழி. பெரிய பாறைக்குப் பின்னால தண்ணி மேல்முகமா ஏறும், அங்க ஒதுங்கி மூச்சு வாங்கலாம். ஆனா ரெண்டு ஓட்டமும் உரசுற கோட்டைத் தாண்டறப்ப பரிசல் வெடுக்குனு சுத்தும். ரெண்டு ஆறு கூடுற எடத்துலயும் இதே கதைதான், கூடுதுறையில படித்துறையில நின்னே காட்டலாம்.

அக்கரைக்கு நேராப் போக முடியாதுங்க. எறங்க வேண்டிய துறைக்கு நெம்ப மேல கரையோரமாவே ஏறிட்டு, அப்பறம் குறுக்க விடணும். ஓட்டம் கீழ தள்ளுறதையும் கணக்குல சேத்துத்தான் துறை.

கயித்தை முளையில கட்ட உருவாஞ்சுருக்கு ஆகாது. இழுக்க இழுக்க எறுகும், அவசரத்துக்கு அவுக்க வராது. எறுகாத கண்ணி போடப் பழக்குங்க. ஓட்டத்துல இருக்கறப்ப கயித்தை ஆரும் இடுப்புலயோ கையிலயோ சுத்திக்கக் கூடாது.

சத்தி:
பவானிசாகர் மாதிரி அகலத் தண்ணியில ஓட்டம் இல்ல, காத்துதான் எதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்துல பரிசல் எலையாட்டம் மெதந்து போயிரும், அடியில தண்ணியைப் புடிச்சு நிக்க ஒண்ணுமில்ல. வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும், காலையிலயே முடிச்சுக்குங்க. மாயாறு பக்கத்துல முதலை உண்டு, ஆரும் கையைத் தண்ணியில விட்டு அளைய வேண்டாம்.

நெரிஞ்சிப்பேட்டை:
விட்டுப் போனது. ரெண்டேகால் மீட்டர் அகலப் பரிசல் எட்டுப் பேரைத் தாங்கும். ஆனா பழகற அன்னைக்கு நாலு பேரு போதும், எதிரெதிரா, அடியில உக்காந்து. பரிசல் சும்மா கவுறாது. போட்டோ எடுக்கறேன்னு எல்லாரும் ஒட்டுக்கா ஒரு பக்கம் எந்திரிச்சாத்தான் கவுறும். கவுந்தா விளிம்பு மூங்கிலை விடக் கூடாது. கை நழுவிருச்சுன்னா மல்லாந்து, காலை ஓட்டம் போற பக்கம் நீட்டி வெச்சுட்டு மெதக்கணும். ஓட்டத்துல கால் ஊனி நிக்கப் பாத்தா பாறைச் சந்துல பாதம் சிக்கிக்கும், தண்ணி மேல அமுக்கிரும்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டி எல்லாப் பட்டையும் எறுக்கிட்டு, தோள்பட்டையைப் புடிச்சு மேல தூக்கிப் பாருங்க. தாடையைத் தாண்டி ஏறுச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு அது பெரிசு.

ஜூன் 12 மேட்டூர்ல பாசனத்துக்குத் தண்ணி விடற வழக்கமான நாள். அணை நெலவரத்தைப் பாத்து முன்ன பின்ன ஆகும். அணை 120 அடியை நெருங்கி, கரையோரத்துக்கு எச்சரிக்கைன்னு நியூஸ் வந்தா அந்த வாரமே போகாதீங்க.

எறங்கறதுக்கு முன்னால பரிசலைக் கவுத்துப் போட்டு, அடியில தாரு வெடிச்சிருக்கான்னு பொண்ணையே தடவிப் பாக்கச் சொல்லுங்க. பொத்தல் எச்சா விழறது நடுவுல இல்ல, கரையில இழுக்கறப்ப கல்லுல உரசுற அந்த வளைவுலதான்.