பொருள்: ஈசிஎம்மை வண்டிக்குப் ‘பழக்குதல்’ (மறு: எஞ்சின் கணினிக்குத் தமிழ்ச்சொல்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக நாம் ஈசிஎம் என்ற பெட்டிக்கு, அதாவது வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘இயந்திரக் கட்டுப்பாட்டு அலகு’, ‘பொறிவலவன்’, ‘எஞ்சின் மூளை’ என்று வந்துவிட்டன. என் பங்குக்கு ஒரு சொல்லைக் கடைசியில் வைக்கிறேன். ஆனால் அதைவிட அவசரமாகப் பெயர் வேண்டியது வேறொன்றுக்கு: அந்தப் பெட்டியை ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு ஏற்றபடி பதிந்து தயார்செய்யும் வேலைக்கு. போன மாதம் என் மச்சானின் பிக்கப் வண்டி பட்ட பாட்டில்தான் எனக்கே அது புரிந்தது.

மச்சான் இலவம்பாடிப் பக்கம் முள்ளுக் கத்திரிக்காய் ஏற்றி வேலூர் மார்க்கெட்டில் இறக்குபவர். பின்தொட்டியில் ஒரு இரும்புச் சட்டம் விரிசல் விட்டிருந்தது. பேட்டரி வயரைக் கழற்றாமலே வெல்டிங் வைத்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை லோடு ஏற்றிக் கிளம்பியதும் வண்டி உதற ஆரம்பித்தது. இழுவையே இல்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது. எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து கொணவட்டம் பக்கம் ஒரு பட்டறையில் விட்டார். அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக் பாய் எனக்குப் பல வருடப் பழக்கம்.

பாய் பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். பி 0201, பி 0204 என்று இரண்டு பழுதுக் குறி. முதல் சிலிண்டர், நான்காம் சிலிண்டர் இரண்டிலும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் மின்சுற்றில் பழுது என்று பொருள். உடனே ஈசிஎம் போச்சு என்று அவர் சொல்லவில்லை. நான்கு இன்ஜெக்டரின் தடையையும் மீட்டரில் பார்த்தார். நான்கும் ஒரே மாதிரி, ஒரு ஓமுக்கும் கீழே. பிறகு இன்ஜெக்டரிலிருந்து ஈசிஎம் வரை ஒவ்வொரு வயராகப் பிடித்து, எங்காவது அறுந்திருக்கிறதா, பாடியில் உரசி எர்த் ஆகிறதா என்று முக்கால் மணி நேரம் பார்த்தார். ஈசிஎம் பிளக்கின் நெம்புகோலைத் தூக்கி உருவி, ஒவ்வொரு பின்னையும் டார்ச் அடித்துப் பார்த்தார். களிம்பு இல்லை, வளைந்த பின் இல்லை. அப்புறம்தான் சொன்னார்: “உள்ள டிரைவர் போயிருக்கு தம்பி. ஒண்ணும் நாலும் ஒரே லைன், அதான் சேர்ந்து விழுந்துச்சு.” டிரைவர் என்றால் இங்கே ஓட்டுநர் இல்லை, ஈசிஎம்முக்குள் இருந்து இன்ஜெக்டரை இயக்கும் மின்சுற்று.

வெல்டிங் மின்னோட்டம் திரும்பிப் போகும் வழியில் ஈசிஎம்மின் எர்த்தும் இருந்தால் உள்ளே இப்படித்தான் ஏதாவது எரியும். தொட்டி வேலை செய்கிறவர்கள் பேட்டரி வயரைக் கழற்றுவதோடு ஈசிஎம் பிளக்கையும் உருவி வைத்துவிட்டால் நல்லது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனிதான் சொல் விஷயம். புது ஈசிஎம் விலையைக் கேட்டு மச்சான் மலைத்துப்போய், சென்னையில் பழைய உதிரிபாகம் விற்பவர் ஒருவரிடம் போனில் பேசினார். பாகத்தின் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு அவர் சொன்னாராம்: “எடுத்துட்டுப் போங்க, இணைச்சிட்டா ஓடும்.” மச்சான் ‘இணைச்சிட்டா’ என்பதைப் பிளக்கை மாட்டினால் என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்கள்? பணத்தைக் கட்டி, பார்சலில் வரவழைத்து, வீட்டு வாசலிலேயே தானாக மாட்டினார். எஞ்சின் ஒரு நொடி பிடித்து அணைந்தது. திரும்பவும் அதே. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன ‘இணைத்தல்’ வேறு. சாவிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதன் அடையாளம் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு வழியாக ஈசிஎம்மின் நினைவில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருட்டு வண்டி என்று நினைத்து டீசலை நிறுத்திவிடும். வண்டியின் சேசிஸ் எண்ணும் பதிய வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். எந்த இரண்டு இன்ஜெக்டரும் அச்சு அசலாக ஒரே அளவு டீசலைத் தெளிப்பதில்லை. 1,600 பார் வரை போகும் அழுத்தத்தில், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடக்கிற வேலை அது. எது எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று அந்தக் குறியீடுதான் ஈசிஎம்முக்குச் சொல்கிறது. வேறு வண்டியின் குறியீடு இருந்தால், ஸ்டார்ட் ஆனாலும் எஞ்சின் சீராக நிற்காது, புகை தள்ளும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மச்சானும் நானும் பாயிடம் போனோம். பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “பொட்டி நல்லாதான் கீது. ஆனா இது வேற வூட்டு மாடு. நம்ம வண்டிக்குப் பழக்கணும்.”

இத்தனை நாளாக நாம் தேடாமல் விட்ட சொல் இதுதான். பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை மாடு பிடிக்கிறவர், பல்லைப் பார்த்த கையோடு கேட்பது என்ன? ஏருக்குப் பழகினதா, வண்டிக்குப் பழகினதா? மாடு திடமாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இந்த நுகத்துக்கு வருமா என்பது இன்னொரு கேள்வி. பழைய ஈசிஎம் வாங்குகிறவரும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘இணைத்தல்’ என்ற ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ‘நிரலாக்கம்’ என்றும் சொல்ல முடியாது, பாய் எந்த நிரலையும் எழுதவில்லை. ‘கோடிங்’ என்று பில்லில் போடுகிறார்கள். அதற்குக் கூலி ஏன் என்று எந்த வண்டிக்காரருக்கும் விளங்குவதில்லை.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி இருக்கிறது, அதுதான் என்னை முழுக்கக் கட்டிப்போட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகள் கொஞ்ச தூரம் வரை ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, சற்றே ஏறி இறங்கி, பிறகு தானாகச் சீராகும். ஈசிஎம் தன் அளவுகளைத் தானே திருத்திக்கொள்கிறது. இதில் மனிதன் கை இல்லை. இதையும் மெக்கானிக் செய்யும் பதிவையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரே வேரின் தன்வினையும் பிறவினையும் கையில் தயாராக நிற்கின்றன. தானே திருத்திக்கொள்வது பழகுதல். மெக்கானிக் சாவியையும் குறியீட்டையும் பதிவது பழக்குதல். “ஈசிஎம் பழகட்டும், பத்து கிலோமீட்டர் ஓட்டுங்க” என்றும் “ஈசிஎம்மைப் பழக்கிட்டேன், எடுத்துட்டுப் போங்க” என்றும் சொன்னால் யாருக்குக் குழப்பம் வரும்?

பாய் கடைசியில் செய்தது மூன்றாவது வழி. எங்கள் பழைய பெட்டியில் எரிந்தது டிரைவர் பகுதிதான், நினைவகம் பத்திரமாக இருந்தது. அதைத் திறந்து, தரவு முழுவதையும் கணினியில் எடுத்து, வந்த பெட்டியில் அப்படியே எழுதினார். சாவி, சேசிஸ் எண், இன்ஜெக்டர் குறியீடு எல்லாம் கூடவே வந்துவிட்டன. தனியாகப் பழக்க வேண்டிய தேவையே எழவில்லை. தொடங்குவதற்கு முன் ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மச்சானைத் தெரிந்தும் கேட்டார், அது சரியான வழக்கம். இந்த வேலைக்குப் புதுச்சொல் வேண்டாம். ஓலைச்சுவடிக்காரர்கள் விட்டுப்போன ‘படியெடுத்தல்’ போதும்.

சரி, பெட்டியின் பெயர். ‘பொறி’ என்று தொடங்கும் எதையும் நான் ஏற்கவில்லை. எங்கள் பக்கம் பொறி என்றால் தீப்பொறி, இல்லாவிட்டால் எலிப்பொறி. பெட்ரோல் எஞ்சினில் நிஜமாகவே தீப்பொறி வேறு இருக்கிறது. ‘பொறிக் கட்டுப்படுத்தி’ என்றால் அதைக் கட்டுப்படுத்துவது என்றுதான் ஒரு பட்டறைப் பையன் படிப்பான். ‘மூளை’ அழகுதான், ஆனால் பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று என்று ஒரே வண்டியில் பல பெட்டிகள் இருக்கின்றன. ஒரு வண்டிக்கு ஐந்து மூளை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் முன்வைப்பது ஆள்கணி. எஞ்சின் ஆள்கணி, பிரேக் ஆள்கணி. ஆளும் கணி என்று விரியும் வினைத்தொகை.

அன்புடன், காட்பாடியிலிருந்து.

மறு: ஈசிஎம்மை வண்டிக்குப் ‘பழக்குதல்’

ஐயா, ‘பழக்குதல்’ நெஞ்சில் ஒட்டிவிட்டது. இரண்டு ஐயம். ‘ஆள்கணி’ என்றால் ஆட்களைக் கணக்கெடுப்பது என்று தோன்றாதா? ப்ளூடூத்தில் போனைச் சேர்ப்பதையும் இனிப் பழக்குதல் என்போமா? – குடியாத்தத்திலிருந்து ஒரு தமிழாசிரியை

மறு: ஈசிஎம்மை வண்டிக்குப் ‘பழக்குதல்’

அம்மா, நல்ல கேள்விகள். மனிதரைக் குறிக்கும் ‘ஆள்’ வேற்றுமைப் புணர்ச்சியில் ‘ஆட்’ ஆகிவிடுகிறது: ஆட்சேர்ப்பு, ஆட்குறைப்பு. ஆட்களைக் கணிப்பது என்றால் ‘ஆட்கணி’ என்றுதான் வரும். வினைத்தொகையில் ள் அப்படியே நிற்கும். எழுத்திலேயே வேறுபாடு தெரிகிறது. ஆனாலும் பேச்சில் இது ஏறுமா என்பதில் எனக்கு உறுதியில்லை. பாயிடம் சொன்னபோது தலையாட்டினார், அடுத்த வாக்கியத்தில் ஈசிஎம் என்றே சொன்னார். அதனால் இந்தச் சொல்லுக்காக நான் பிடிவாதம் பிடிக்கப்போவதில்லை.

ப்ளூடூத்துக்கு ‘இணைத்தல்’ இருக்கட்டும். போனை இன்று ஒன்றோடு இணைத்து நாளைக்கு இன்னொன்றோடு இணைக்கலாம். பழக்கிய ஈசிஎம் அந்த ஒரு வண்டிக்குக் கட்டுப்பட்டது. அதை வேறு வண்டிக்குக் கொடுப்பதானால் பழைய பதிவை அழிக்க வேண்டும், எல்லா ஈசிஎம்மிலும் அது முடிவதுமில்லை. பட்டறையில் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கூச்சமான சொல் வைத்திருக்கிறார்கள். ‘பழக்கம் அழித்தல்’ என்று எழுதினால் வீட்டுப் பெண்கள் முன்னாலும் தாராளமாகச் சொல்லலாம்.

இனிமேல் பில்லில் ‘கோடிங்’ என்பதற்குப் பதிலாக ‘பழக்கல்’ என்று தனி வரி எழுதும்படி பாயைக் கேட்டிருக்கிறேன். எழுதினால் படம் எடுத்து இங்கே அனுப்புகிறேன்.