மறுமொழி: கட்டப் புதிரின் கடினம் – 'தரம்' வேண்டாம், 'இடுக்கு' எப்படி?

மேலூர் அக்காவுக்கும் திருநகர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். யார் எங்கே என்பதைக் குறிப்புகளை வைத்து, கட்டத்தில் பொருந்தாததற்குப் பெருக்கல் குறி போட்டுக் கண்டுபிடிப்பதுதான் கட்டப் புதிர். அது எவ்வளவு கடினம் என்று காட்ட என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் நம் பேச்சு.

> ஞாயிறு இணைப்பில் வரும் கட்டப் புதிருக்கு மேலே 'தரம் 1' முதல் 'தரம் 5' வரை போட்டுவிடலாமா?

வேண்டாம் அக்கா. கடையில் 'முதல் தரம்' என்று எழுதியிருந்தால் நல்ல சரக்கு என்றுதான் அர்த்தம். லேசான புதிருக்கு 'தரம் 1' என்று போட்டால் அதுதான் ஐந்திலும் ஒசத்தி என்று ஆகிவிடும். இலங்கையிலோ 'தரம் 5' என்றால் ஐந்தாம் வகுப்பு. 'அருமை' என்ற சொல்லுக்குக் கடினம் என்ற பொருள் பழையது, சரியானதும்கூட. ஆனால் 'அருமை 4' என்று அச்சில் பார்த்தால் யாரோ பாராட்டுகிறார்கள் என்றே தோன்றும்.

> விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்கிறது. 'பிசிக்கடுமை' எனலாமே.

ஐயா, பிசி என்றால் கம்ப்யூட்டர், இல்லாவிட்டால் ஆள் வேலையாக இருக்கிறார். வேறு எதுவும் இன்றைக்குத் தோன்றாது. ஆனால் அதே இடத்தில் 'தோன்றுவது கிளந்த துணிவு' என்று ஒரு வகை சொல்லப்படுகிறதே, அந்தத் 'துணிவு' நமக்கு வேண்டும். சொன்னதை வைத்துச் சொல்லாததை முடிவு கட்டுவதுதான் இந்தப் புதிரில் முழு வேலையும். ஒவ்வொரு முடிவையும் 'துணிபு' என்போம். 'கடுமை'யும் இருக்கட்டும்.

என் சண்டை அதற்கு அடுத்த கேள்வியில். கடுமை என்று எதை அளக்கப் போகிறோம்? அது தெளியாமல் சொல் மட்டும் அமைத்தால் வெறும் ஒட்டுச்சீட்டுதான். ஒரு சின்னப் புதிர் போட்டுப் பார்த்தேன். பூக்காரர், தையல்காரர், கண்டக்டர், பேராசிரியர் நான்கு பேரும் ஆளுக்கொரு வீதி. மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றி, உள்ளிருந்து வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி. (ஆடி வீதி கோயில் மதிலுக்குள் இருப்பதால் யாரையும் குடிவைக்க முடியவில்லை.)

முதல் வடிவம்: பூக்காரர் சித்திரை வீதி. தையல்காரர் மாசி வீதி. கண்டக்டர் வெளி வீதியில் இல்லை.

இரண்டாம் வடிவம்: தையல்காரர் வீதி, கண்டக்டர் வீதிக்கு அடுத்த வெளிச்சுற்று. பூக்காரர் வீதி தையல்காரர் வீதிக்கு உள்ளே. பூக்காரரும் பேராசிரியரும் அடுத்தடுத்த வீதிகளில் இல்லை.

இரண்டிலும் மூன்றே குறிப்பு. இரண்டிலும் நான்கு பேரை அடுக்க 24 வழி. விடையும் ஒன்றேதான்: பூக்காரர் சித்திரை, கண்டக்டர் ஆவணி மூலம், தையல்காரர் மாசி, பேராசிரியர் வெளி. முதலாவதைப் பஸ் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம். இரண்டாவதில் மூன்று பெருக்கல் குறி விழும், அப்புறம் பென்சில் நின்றுவிடும். தையல்காரரை ஆவணி மூலத்தில் வைத்துப் பார்த்தால் கண்டக்டர் சித்திரைக்குப் போகிறார், பூக்காரருக்கு இடமில்லை. வெளி வீதியில் வைத்தால் கண்டக்டர் மாசிக்கு வந்துவிடுவார், பூக்காரரும் பேராசிரியரும் பக்கத்துப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். மிச்சம் மாசி ஒன்றுதான்.

ஆக, கட்டத்தின் அளவும் குறிப்புகளின் எண்ணிக்கையும் கடுமையைச் சொல்லாது. சுடோகுவிலும் இதே கதை. முதலிலேயே கொடுக்கும் எண்கள் 17-க்குக் குறைந்தால் ஒரே விடை அமையாது என்று 2012-இல் கணினி வைத்து நிறுவினார்கள். அதற்காக 17 எண் உள்ளதெல்லாம் கொடியது என்று ஆகிவிடாது. 1962 டிசம்பரில் 'லைஃப் இன்டர்நேஷனல்' இதழில் வந்த வரிக்குதிரைப் புதிரை எடுங்கள். ஐந்து வீடு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரம். அடுக்கும் வழிகள் 2,488 கோடிக்கு மேல். ஆனாலும் முதல் வீடு நார்வேக்காரருடையது, அது நீல வீட்டை ஒட்டியது என்பதால் இரண்டாம் வீடு நீலம் என்று எடுத்த எடுப்பில் விழுந்துவிடுகிறது. பின்னால் போய்த்தான் இழுக்கும்.

அந்த இழுக்கும் இடத்துக்குத்தான் பெயர் வேண்டும். என் முன்மொழிவு: ஒரு நிலையில் நேரடியாகக் கிடைக்கக்கூடிய துணிபு ஒவ்வொன்றும் 'திறப்பு'. திறப்பே இல்லாமல், அல்லது ஒன்றே ஒன்றோடு, நெருக்கிப் பிடிக்கும் நிலை 'இடுக்கு'. அங்கே ஒருவரை ஓரிடத்தில் தற்காலிகமாக வைத்து முரண் வருகிறதா என்று சோதிப்பது 'வைத்துப்பார்த்தல்'. புதிரின் கடுமையை அதன் மிக மோசமான இடுக்கை வைத்துச் சொல்வோம். போட்டுப் பார்த்தவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் நம்பவில்லை. பழகிய கை வேறு, புதுக் கை வேறு.

இன்னொன்று. மாசி வீதி ஆவணி மூல வீதிக்கு வெளியே இருப்பது சென்னைக்காரருக்குத் தெரியாது. அதனால் அவர் திணறினால் அது புதிரின் கடுமைக் கணக்கில் சேராது. வீதி வரிசையைப் புதிருக்கு மேலேயே அச்சடித்துவிட வேண்டும்.

அன்புடன்,
வில்லாபுரத்திலிருந்து

––––

'இடுக்கு' நல்ல சொல். ஆனால் திறப்பு என்றால் எங்களுக்குச் சாவி. 'திறப்பு இல்லை' என்று வாசித்தால் சாவியைத் துலைத்துவிட்டார் என்றுதான் நினைப்போம். 'வழி' என்று வைத்தால் என்ன?
– யாழ்ப்பாணத்திலிருந்து

––––

'வைத்துப்பார்த்தல்' பேச்சு வழக்கு. 'எடுகோள்' என்று புழங்கும் சொல் இருக்கும்போது இது எதற்கு?
– திருநகர்

––––

யாழ்ப்பாணத்து அண்ணா, 'வழி'யை ஏற்கெனவே '24 வழி' என்று அடுக்கும் முறைக்குச் செலவழித்துவிட்டேன். சாவி என்று எடுத்தாலும் கெட்டுப்போகவில்லை, சாவி இல்லாத இடம்தானே இடுக்கு! அதனால் 'திறப்பு' இருக்கட்டும் என்பேன்.

ஐயா, எடுகோள் என்பது வைக்கப்படும் கருத்து. வைத்து, முரண் கண்டு, திரும்ப எடுத்துவிடும் வேலைக்கு அது பெயராகாது. பேச்சு வழக்காக இருப்பதுதான் இதன் பலம். பள்ளிப் பிள்ளை அருஞ்சொல் அகராதியைத் தேட வேண்டியதில்லை. விளக்கக் குறிப்பில் 'எடுகோளை வைத்துப்பார்த்தல்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா, இரண்டாம் வடிவத்துக்கு மேலே இப்படிப் போடலாம்: 'கடுமை 3. இடுக்கு உண்டு, வைத்துப்பார்க்க வேண்டும்.' வேறு யாருக்காவது மாற்றுச் சொல் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அதற்குமேல் பக்கம் அச்சுக்குப் போய்விடும்.
– வில்லாபுரம்