வன்தட்டின் ஒலியை மின்விசிறியின் ஒலி என்று நம்பிய இரண்டு நாட்கள்

ஒரு நாள் காலையில் கணினியை இயக்கியபோது கேபினட்டின் உள்ளிருந்து ‘டக்… டக்… டக்…’ என்று சீரான இடைவெளியில் ஓர் ஒலி எழுந்தது. ஏழெட்டு முறை கேட்டபின் அடங்கிவிட்டது. விண்டோஸும் சற்றுத் தாமதமாகத் திறந்துகொண்டது. ஏதோ ஒரு வயர் மின்விசிறியின் இறக்கையில் உரசுகிறது என்று நானாகவே முடிவு செய்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வயர்களை ஒதுக்கிக் கட்டி, தூசியையும் துடைத்தெடுத்தேன். அன்று இரவு வரை ஒலி வராததால் என் கணிப்பு சரி என்றே நம்பினேன். மறுநாள் அது மீண்டும் வந்தது. நானும் மீண்டும் வயர்களைத்தான் சரி செய்தேன். மூன்றாம் நாள், விண்டோஸ் திறப்பதற்கு முன் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் பயாஸ் திரையில் வன்தட்டின் (ஹார்ட் டிஸ்க்) பெயரையே காணவில்லை. அக்காவின் திருமணக் காணொலியும், பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்பப் படங்களும் அதில்தான் இருந்தன. தரவு மீட்பு வல்லுநர் ஒருவர் படங்களில் பாதிக்கு மேல் மீட்டுத் தந்தார். காணொலி கிடைக்கவே இல்லை.

அந்த இரண்டு நாட்களில் நான் கவனித்திருக்க வேண்டிய அடையாளங்கள் என் கண்ணெதிரே இருந்தன. வயர் உரசும் ஒலியாக இருந்தால், மின்விசிறி வேகமெடுக்கும்போது அதுவும் ‘டிக்டிக்’ என்று விரையும். வேகம் குறைந்தால் தளரும். நான் கேட்ட ஒலியோ கணினி என்ன வேலை செய்தாலும் தன் தாளத்தை மாற்றவில்லை. மேலும், அந்த ஒலி வந்த நேரங்களில் திறந்திருந்த கோப்புறை உறைந்து நின்றது. கேபினட்டின் முகப்பில் வன்தட்டுக்கான சிறு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. வன்தட்டின் படிக்கும் முனை, தான் எங்கிருக்கிறது என்பதை அறிவதற்காகத் தட்டில் பதிக்கப்பட்டுள்ள குறிகளைப் படிக்க முடியாமல், ஒவ்வொரு முறையும் தன் இருப்பிடத்திற்குத் திரும்பி வந்து மீண்டும் முயல்வதால் எழும் ஒலி அது என்பதைப் பின்னரே தெரிந்துகொண்டேன்.

அதன்பின் எந்த ஒலி கேட்டாலும் திருப்புளியை எடுப்பதற்கு முன் அதற்குச் சரியான சொல்லைத் தேடுகிறேன். ஒலிகளைக் குறிக்க நம் மொழியில் இத்தனை சொற்கள் இருப்பது இந்த வேலையில் உண்மையாகவே உதவுகிறது. ‘சத்தம் வருகிறது’ என்றால் ஒன்றும் விளங்காது. ‘கரகர’ என்றாலோ ‘கீச்’ என்றாலோ பாதி வழி வந்துவிட்டோம்.

அடுத்து எனக்கு வாய்த்தது கரகர ஒலிதான். குளிர்ந்த காலைகளில் மட்டும் ஐந்து நிமிடம் கேட்டுப் பிறகு மறையும். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை உள்ளிருக்கும் ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கத்து 120 மி.மீ. மின்விசிறிக்கு நேராகக் குழலைப் பிடித்தபோது ஒலி காதை அறைந்தது. உறுதி செய்துகொள்வதற்காக, இறக்கைகளைத் தொடாமல் அதன் நடுக்குமிழில் விரலை மெதுவாக வைத்து இரண்டு விநாடி நிறுத்தினேன்; ஒலியும் நின்றது. பேரிங்கில் இருந்த எண்ணெய் வறண்டுவிட்டது. ஒட்டுத்தாளை உரித்து ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விட்டதில் சில மாதங்கள் ஓடியது; பிறகு வேறு மின்விசிறி மாற்றினேன்.

பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்விசிறியிடம் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மின்இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். ஒலி அங்கிருந்து வருவதாகத் தெரிந்தால், அந்தப் பெட்டியைத் திறக்காமல் முழுதாக மாற்றிவிடுவதே என் வழக்கம்.

என்னை அதிகம் குழப்பியது ‘ஊம்ம்…’ என்று எழுந்து தணிந்து மீண்டும் எழும் ஒரு முனகல். முன்பட்ட காயத்தால் ஒரே மாதிரியான இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, ஒன்றில் இருப்பதை மற்றொன்றிலும் படியெடுத்து வந்தேன். முனகல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டும் நலமாகவே இருந்தன. வன்தட்டு தன் நிலையைத் தானே பதிவு செய்துகொள்ளும் ஸ்மார்ட் விவரங்களில், பழுதானதால் மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட பகுதிகளும், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகளும் சுழியம் என்றே காட்டின. பக்கவாட்டுத் தகட்டின் மீது உள்ளங்கையை அழுத்தியபோது முனகல் சட்டென்று அடங்கியதுதான் துப்பு கொடுத்தது. இந்த வன்தட்டுகள் சுழலும் வேகம் நிமிடத்திற்கு 7200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று. இரண்டு தட்டுகளின் வேகத்திலும் இம்மியளவு வேறுபாடு இருந்தால், அவற்றின் அதிர்வுகள் ஒரு கணம் கூடி மறுகணம் ஒன்றையொன்று தணிக்கும். மெல்லிய தகடு அதைப் பெரிதாக்கிக் காட்டும். திருகுகளுக்கு அடியில் ரப்பர் வளையங்களை வைத்ததும் அது தீர்ந்தது.

உடன் பணிபுரியும் ஒருவருடைய கணினியில் விளையாட்டின் முகப்புத் திரை வந்தால் மட்டும் ‘கீஇஇ’ என்ற மெல்லிய ஒலி கேட்டது. அது கிராபிக்ஸ் கார்டின் மின்சுருள்கள் அதிர்வதால் வருவது, கேடில்லாதது. திரையில் விநாடிக்கு 60 படச்சட்டங்களுக்கு (ஃபிரேம்) மேல் வரக் கூடாது என்று வரம்பு வைத்ததும் காதுக்கே எட்டாத அளவுக்குக் குறைந்தது.

சென்ற மாதம் சித்தி மகள் தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுற மாதிரி கேக்குது” என்றாள். தொலைபேசியைக் கேபினட்டின் அருகே வைக்கச் சொன்னேன். அதே ‘டக்… டக்…’. அணைத்துவிட்டு, எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னேன். மாலையில் வேறொரு வன்தட்டுடன் போனேன். அந்த வரிசைப்படியே படியெடுத்ததில், ஆய்வேட்டுக்கான கோப்புறையும் படங்களும் வந்துவிட்டன. பாடல்களில் கை வைத்தபோது தட்டு நின்றுபோனது.