விருத்தாகாரத்துக்குத் தமிழில் என்ன சொல்? (குழு உரையாடல், பேசுபவர்கள் ஊர்ப்பெயரால்)

கொழிஞ்சாம்பாறை:
வணக்கம். எங்கள் தமிழ்வழிப் பள்ளிக்கு மலையாளத்தில் ஒரு சுவரொட்டி வந்துள்ளது. எதோடு எதைச் சேர்த்து உண்ணக்கூடாது என்று ஆயுர்வேதம் சொல்லும் பட்டியல். வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'விருத்தாகாரம்' என்றே தலைப்பிட்டால் பிள்ளைகளுக்கு ஆசிரிய விருத்தம்தான் நினைவுக்கு வருகிறது. 'ஒவ்வா உணவு' எனலாமா?

மார்த்தாண்டம்:
வேண்டாம் அம்மா. ஒவ்வாமை இப்போது அலர்ஜிக்கு நிலைத்துவிட்டது. இறால் ஒருவருக்குத் தடிப்பைக் கிளப்பும், பக்கத்து இலைக்காரரை ஒன்றும் செய்யாது, அது அலர்ஜி. விருத்தம் வேறு. மீனும் பாலும் தனித்தனியே நல்லவை, இரண்டும் இனிப்புச் சுவை. ஆனால் வீரியம், அதாவது உடம்பில் காட்டும் ஆற்றல், பாலுக்குக் குளிர்ச்சி, மீனுக்குச் சூடு. சேரும்போதுதான் கேடு. வாதம், பித்தம், கபம் என்ற தோஷங்களைக் கிளறிவிட்டு வெளியேற்றாமல் நிறுத்துவது எதுவோ அது விருத்தம் என்கிறது ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம், சூத்திரஸ்தானம் 7ஆம் அத்தியாயம். பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் இடம், காலம், அளவு, பக்குவம், வரிசை என 18 வகை சொல்கிறார். அத்தனைக்கும் ஒட்டக்கூடிய சொல் வேண்டும்.

செங்கோட்டை:
சொல் நம்மிடமே இருக்கிறது. குறள் 944 'மாறல்ல துய்க்க' என்கிறது. 945 'மாறுபாடு இல்லாத உண்டி' என்கிறது. மாறுகொள்ளாமையைப் பரிமேலழகர் மூன்றாகப் பிரிக்கிறார்: உண்பவன் உடம்போடு, காலத்தோடு, சுவை வீரியங்களால் தமக்குள். மூன்றாவதற்கு அவர் காட்டுவது தேனும் நெய்யும் அளவொத்து நஞ்சாவதை. அது சரகர் சொல்வதேதான். ஆகவே 'மாறுகொள் உணவு'. வினைத்தொகை, வலி மிகுமா மிகாதா என்ற தொல்லையும் இல்லை. நன்னூலின் பத்துக் குற்றங்களில் 'மாறுகொளக் கூறல்' உண்டு, பிள்ளைகள் எப்படியும் படிக்கப்போவதுதான். 'விருத்தம்' நமக்கு ஆகாது. எதிரானது, முதியது, வட்டமானது என்று வடமொழியில் மூன்று தனிச்சொற்கள். நம் எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். விருத்தாசலத்தில் இருப்பது முதுமை, அதனால்தான் அவ்வூர் திருமுதுகுன்றம். பழமலை என்ற பெயரும்...

மூணாறு:
ஐயா, விருத்தாசலம் வரை போனால் வெள்ளிக்கிழமை போய்விடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை 'மாறுகொள்' என்பதைப் படித்து என்ன புரிந்துகொள்ளும்? வகைகளுக்கும் ஒட்டாது, 'அளவுமாறு' என்றால் அளவை மாற்றச் சொல்லும் ஏவல் போல ஒலிக்கிறது. 'பகையுணவு' என்போம். ஜாதகத்தில் நட்பு, பகை எல்லோருக்கும் தெரியும். சித்த மருத்துவத்திலும் நட்புச் சரக்கு, பகைச் சரக்கு உண்டு. நேரப்பகை, அளவுப்பகை, வரிசைப்பகை, எல்லாம் தானாக வரும்.

செங்கோட்டை:
பகையுணவு என்றால் அந்த உணவே உடம்புக்குப் பகை என்றாகும். மீனை விட்டுவிட வேண்டும் என்று படிப்பார்கள்.

மார்த்தாண்டம்:
தலைப்பை விட உள்ளே இருப்பவை எனக்குக் கவலை தருகின்றன. 'மீனும் பாலும்' என்று மட்டும் எழுதாதீர்கள், 'பசும்பால்' என்று எழுதுங்கள். நம் எல்லையில் பால் என்றால் தேங்காய்ப்பாலும்தான். தேங்காய்ப்பாலில் வேகும் மீன் மோளியை நூல் எங்கும் விலக்கவில்லை. தேன், நெய்யில் 'சம அளவு' போதாது, 'சம எடை' வேண்டும். 5 மில்லி கரண்டியில் தேன் ஏறக்குறைய 7 கிராம், நெய் நாலரை கிராம். கரண்டிக்குக் கரண்டி சமமானால் எடையில் சமமாகாது. கூடவே, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது என்று தனி வரி சேருங்கள். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும்.

வாழைப்பழமும் மோரும் பட்டியலில் சரியே. ஆனால் கேரளத்துச் சத்யை விருந்தின் இலையில் பாயசத்துக்குப் பழம் பிசைந்தபின் மோர் வருகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். உழைக்கும் உடம்பு, நல்ல பசித்தீ, இளமை, பழக்கம், சிறிய அளவு இருந்தால் விருத்தமும் வருத்தாது என்று அஷ்டாங்க ஹிருதயத்தின் அதே அத்தியாயம் சொல்கிறது, அதையும் போடுங்கள். பழகிவிட்டதைக் கால்பங்கு கால்பங்காக விட வேண்டும், ஒரே நாளில் அல்ல.

மீன்–பால் உண்டால் வெண்புள்ளி வரும் என்ற வரியை எடுத்துவிடுங்கள். இன்றைய தோல் மருத்துவம் அதை ஏற்கவில்லை. வகுப்பில் வெண்புள்ளி உள்ள ஒரு பிள்ளை இருந்தால், 'நீ எதைத் தின்றாய்' என்ற கேள்வி அதன்மேல் விழும்.

மூணாறு:
அந்த வரி போகட்டும், முழுவதும் உடன்படுகிறேன். 'சேராக் கூட்டு' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பினார். கூட்டு என்றால் இலையில் வைப்பது. மேலும் இரவில் தயிர் கூடாது என்பதில் சேர்க்கையே இல்லை. ஆகவே தள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை:
நேரம் இல்லை. குழுவில் மூவர் பகையுணவுக்கு இசைந்திருக்கிறார்கள். தலைப்பு 'பகையுணவு', கீழே சிறிய எழுத்தில் 'விருத்தாகாரம்'. வீட்டில் மலையாளம் கேட்பவர்களுக்கு அது தெரிந்த சொல். பசும்பால், சம எடை, தேன் எச்சரிக்கை மூன்றையும் சேர்த்துவிட்டேன். வெண்புள்ளி வரியை நீக்கிவிட்டேன்.

செங்கோட்டை:
அச்சுக்குக் கொடுங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். பசியாமல் உண்பதையும் சரகர் அந்தப் 18இல் வரிசை விருத்தமாக வைக்கிறார். 'துவரப் பசித்து', அதாவது நன்றாகப் பசித்து, என்று குறள் 944 முடிவதும் அதற்குத்தான். அங்கே எந்த உணவு எதற்குப் பகை? மாறுகொள்ளல் அதையும் தாங்கும், பகை தாங்காது. மறு அச்சு வரும்போது மீண்டும் கேட்பேன்.