நோபிலைசேஷன் என்பதற்குத் தமிழில் ஒரு சொல்: ‘இன்கரும்பேற்றம்’

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பயிர்ப்பெருக்கச் சொற்பட்டியல் கரும்புப் பகுதிக்கு வந்ததும், இனிய கரும்பைக் காட்டுக்கரும்போடு கலந்து உறுதியான கரும்பைப் பெறும் முறையைக் குறிக்கும் நோபிலைசேஷன் (nobilization) என்ற ஒரே சொல்லில் விவாதம் நின்றுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: உயர்குடியாக்கம், மேன்மையாக்கம், பண்பேற்றம், பிற்கலப்பு. நான்கில் எதையும் என்னால் ஏற்க இயலவில்லை. காரணங்களைச் சொல்லி, ‘இன்கரும்பேற்றம்’ என்பதை ஐந்தாவதாக முன்வைக்கிறேன். கோயம்புத்தூரில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வேலைக்கு, அந்த ஊரின் மொழியில் பெயர் இல்லை என்பதே இதை இத்தனை நீளமாக எழுதக் காரணம்.

வேலை இன்னதென்று முதலில் தெளிவாக்கிக்கொண்டால் பெயர் தேடுவது எளிதாகும். பொங்கலுக்குக் கட்டுக்கட்டாக வந்து இறங்கும் தடித்த கருஞ்சிவப்புக் கரும்பை எல்லோரும் கடித்திருப்போம். பல்லால் தோலை உரிக்கலாம். கணுவிடை நீளமாக, மென்மையாக, சாறு நிறைந்திருக்கும். தாவரவியலார் சாக்கரம் அஃபிசினேரம் என்று வகைப்படுத்தும் இனம் இது. ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் வெண்பஞ்சுப் பூக்கொத்தோடு அசைந்து நிற்கும் பேய்க்கரும்பு, அதாவது சாக்கரம் ஸ்பான்டேனியம், அதன் காட்டு உறவு. அதன் தண்டு சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. ஒடித்தால் உள்ளே பெரும்பாலும் நெட்டியும் நாருமே இருக்கும், இனிப்பும் குறைவு. ஆனால் வறட்சியையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும், தூர் வெடித்துக் கிளைக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும், பல நோய்களுக்கு அசைந்து கொடுக்காது. தடித்த கரும்பிடம் இல்லாதவை பெரும்பாலும் இவைதான். இரண்டையும் கலந்து, பிறந்த வழித்தோன்றல்களை மீண்டும் மீண்டும் தடித்த கரும்பு வகைகளோடு கலந்து, பேய்க்கரும்பின் உறுதி தங்கும்படியும் அதன் நாரும் சப்பென்ற சாறும் கழியும்படியும் தேர்ந்தெடுப்பதே நோபிலைசேஷன்.

இந்தப் பெயர் ஜாவாவில் பிறந்தது. அங்கே கரும்பு ஆராய்ச்சி நடத்திய டச்சுக்காரர்கள் தடித்த இனிய கரும்பை ‘உயர்குலத்துக் கரும்பு’ என்ற பொருள்பட அழைத்தார்கள். ஆங்கிலம் அதை நோபிள் கேன் என்று எடுத்துக்கொண்டது. காட்டுக்கரும்பின் சந்ததியை அந்த உயர்குலத்தை நோக்கி நகர்த்துவது நோபிலைசேஷன் ஆயிற்று. யெஸ்வீட் என்ற ஆய்வாளர் இந்த வழியில் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878 என்ற கரும்பு இரகம், செரே என்ற நோயால் அடிபட்டுக் கிடந்த ஜாவாவின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்தது. அதன் தாய்வழியில் இருக்கும் காசூர் என்பது, தடித்த கரும்புக்கும் ஜாவாவின் காட்டுக்கரும்புக்கும் இயற்கையாகவே பிறந்த கலப்பு.

நம் பக்கத்துக் கதை பி.ஓ.ஜே. 2878ஐவிட முந்தையது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்புப் பெருக்க நிலையம் தொடங்கியபோது, அங்கே பணியாற்றிய ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைத் தாயாக வைத்து, உள்ளூர்ப் பேய்க்கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். அந்தக் கலப்பில் கிடைத்ததுதான் கோ 205 என்ற இரகம். 1918இல் அது பஞ்சாப் உழவர்களுக்குப் போய், அங்கே பயிரிட்டுவந்த கட்டா என்ற மெல்லிய நாட்டுக் கரும்பின் இடத்தைப் பிடித்தது. உலகக் கரும்புப் பெருக்க நூல்களில் ‘வெள்ளை’ என்ற தமிழ்ப்பெயர் இன்றும் அப்படியே அச்சாகிறது. தாய்க்கரும்பின் பெயரைத் தமிழில் தந்தவர்கள் நாம். அதைக் கொண்டு செய்த வேலைக்கும் பெயர் தரலாம்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘உயர்குடியாக்கம்’ மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது என்று அதை முன்வைத்தவர் எழுதியிருந்தார். நெருக்கம் உண்மைதான்; அதுவே எனக்குத் தடையாகவும் இருக்கிறது. குடியில் உயர்வு தாழ்வு பார்த்து மனிதரை அளந்த வழக்கம் நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அந்த அளவுகோலைப் பதினாறு வயது மாணவர் படிக்கும் தாவரவியல் பாடத்துக்குள் நாமே புதிதாகக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அறிவியல் நோக்கிலும் அச்சொல் தவறான படத்தையே தருகிறது. இந்தக் கலப்பில் காட்டுக்கரும்பு கைதூக்கிவிடப்படும் ஏழை உறவினர் போலத் தோன்றுகிறது. உண்மையில் நோயிலும் வறட்சியிலும் மாண்டுகொண்டிருந்த கரும்புப் பயிரை நிற்கவைத்தது அதுதான்.

‘மேன்மையாக்கம்’ இந்தக் குற்றத்துக்கு ஆளாகாது. ஆனால் அது எதையும் சுட்டவில்லை. நெல்லில் விளைச்சலைக் கூட்டுவதும், பருத்தியில் இழையை நீட்டுவதும், மேன்மையாக்கம்தான். பயிர் மேம்பாடு என்ற பொதுச்சொல் வழக்கில் இருக்கும்போது அதற்குப் பக்கத்தில் இதை வைத்தால், இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று மாணவர் கேட்பார். நம்மிடம் விடை இருக்காது. ‘பண்பேற்றம்’ நல்ல சொல், ஆனால் ஏற்கெனவே குடியேறிய சொல். மேல்நிலை இயற்பியலில் வானொலி அலைகளைப் பற்றிய பாடத்தில் மாடுலேஷனுக்கு அதுதான் பெயர்; பண்பிறக்கம் என்ற இணையும் அதற்கு உண்டு. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

‘பிற்கலப்பு’ பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் குழுமத்தில் பலருடைய சாய்வு அந்தப் பக்கம் இருக்கிறது. பாடநூலில் உள்ள சொல், பொருளும் கிட்டத்தட்ட ஒன்று, புதிய சொல் எதற்கு என்பது அவர்கள் வாதம். சுவர்ணா நெல்லை எடுத்துக்கொள்வோம். வெள்ளத்தில் மூழ்கினால் அது அழுகிவிடும், எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ஒடிசா நெல்லில் மூழ்கலைத் தாங்கும் சப்1 மரபணு இருக்கிறது. அதன் வழிவந்த, அந்த மரபணு கொண்ட ஒரு நெல்லைச் சுவர்ணாவுடன் கலந்து, வழித்தோன்றலை மறுபடி மறுபடி அதே சுவர்ணாவுடன் கலந்து, கடைசியில் சுவர்ணாவை அப்படியே திரும்பப் பெற்றார்கள், அந்த ஒரு மரபணு கூடுதலாக இருக்க. 2009இல் இந்தியாவில் வெளியான சுவர்ணா சப்1 இதன் விளைவு. பிற்கலப்பின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கும்: திரும்பத் திரும்ப வருவது அதே பெற்றோர், கொடையாளியிடம் கேட்பது ஒன்றிரண்டு மரபணு, முடிவில் கையில் இருப்பது பழைய இரகத்தின் திருத்திய வடிவம்.

கரும்பில் இந்த மூன்றுமே மாறுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு தடித்த கரும்பு வகையைப் பெற்றோராக வைப்பதுதான் வழக்கம். ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நெருங்கிய உறவுக்குள் கலப்பதால் உண்டாகும் உட்கலப்பின் தளர்ச்சி வந்து பயிர் நலிந்துவிடும். ஆகவே இங்கே திரும்பி வருவது இனம், தனிப்பட்ட இரகம் அன்று. பேய்க்கரும்பிடம் கேட்பதும் ஒற்றை மரபணுவை அன்று; வேர், தூர், வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மறுதாம்புத் திறன், நோய் எதிர்ப்பு என்று பல மரபணுக்கள் சேர்ந்து தரும் உறுதியை. ‘வெள்ளை’யைத் திரும்பப் பெறும் எண்ணமும் யாருக்கும் இருந்ததில்லை. இரண்டு பக்கத்திலும் இல்லாத ஒரு புதிய கரும்பைத் தேடுகிறார்கள். கிடைத்ததும் கரணையாக, அதாவது தண்டுத் துண்டாக, நட்டே பெருக்கலாம் என்பதால், நெல்லைப் போல மரபுத்தூய்மைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எண்ணும் முறையும் ஒத்துவராது. தடித்த கரும்புக்கும் காட்டுக்கரும்புக்கும் நடக்கும் முதல் கலப்பையே கரும்பு ஆய்வாளர்கள் முதல் நோபிலைசேஷன் என்கிறார்கள். பிற்கலப்போ அடுத்த தலைமுறையில்தான் தொடங்கும். காசூர் முதலாவது, அதன் வழித்தோன்றலான பி.ஓ.ஜே. 2364 இரண்டாவது, பி.ஓ.ஜே. 2878 மூன்றாவது. பிற்கலப்பு என்று மொழிபெயர்த்தால் ஒவ்வொரு வரியிலும் எண் ஒன்று பிசகும்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான காரணம் குரோமோசோம் கணக்கில் இருக்கிறது. தடித்த கரும்பின் உடற்செல்லில் 80 குரோமோசோம்கள்; கோயம்புத்தூர்ப் பேய்க்கரும்பில் 64. வழக்கமான கலப்பில் தாய் 40, தந்தை 32 கொடுத்து, பிள்ளைக்கு 72 வர வேண்டும். ஆனால் கோ 205இல் இருப்பவை 112. தாய் தன் 80ஐயும் குறைக்காமல் முழுமையாகக் கொடுக்க, பேய்க்கரும்பு மட்டும் தன் பாதியான 32ஐக் கொடுத்திருக்கிறது. இந்த வினோதத்தை 1920களில் ஜாவாவில் பிரெமர் என்ற ஆய்வாளர் விளக்கினார். இந்தப் பிள்ளையை வேறொரு தடித்த கரும்புத் தாயுடன் கலந்தால், தாய் மறுபடியும் 80 கொடுக்கும், தந்தை தன் 112இல் பாதியான 56 கொடுக்கும், மொத்தம் 136. அந்த 56இல் பேய்க்கரும்பிலிருந்து வந்தவை சராசரியாக 16. ஆக, இரண்டே சுற்றில் காட்டுக்கரும்பின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரு பெற்றோரும் பாதிப் பாதி தரும் வழக்கமான பிற்கலப்பாக இருந்தால் அதே கட்டத்தில் நூற்றுக்கு இருபத்தொன்று இருந்திருக்கும். அடுத்த சுற்றிலிருந்து தாயின் இந்தத் தாராளம் நின்று, இரு பெற்றோரும் பாதியே தருகின்றன. தடித்த கரும்பு தாயாக நின்றால்தான் இது நிகழும் என்பதால், எதைத் தாயாக வைப்பது என்பது இந்த முறையில் தலையாய முடிவாகிறது.

பெயருக்குத் தேவையான கருத்து இங்கே கிடைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இனிய கரும்பின் பங்கு ஏறுகிறது. வேலையின் உயிர்நாடி அந்த ஏற்றம். தமிழில் ‘ஏற்று’ என்ற வினை இதற்கு வாய்ப்பாக இருக்கிறது. மின்னேற்றம் படிப்படியாக நிறைவது. மந்திரத்தை உருவேற்றுவது திரும்பத் திரும்பச் சொல்லி வலுக்கூட்டுவது. படிப்படியாக, திரும்பத் திரும்ப என்ற இரண்டு சாயலும் அந்த வினைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘ஆக்கம்’ என்று முடித்தால் இவை கிடைப்பதில்லை.

எதை ஏற்றுகிறோம் என்பதற்குத் ‘தீங்கரும்பு’ என்ற சொல்லை முதலில் எண்ணினேன். தீஞ்சாறு, தீந்தமிழ் என்ற வரிசையில் அழகாகவே நிற்கிறது. ஆனால் பேச்சில் அதன் முதல் பகுதி ‘தீங்கு’ என்று காதில் விழும். வகுப்பறையில் அது தொல்லை. ‘தடிக்கரும்பு’ பருமனை மட்டுமே சொல்கிறது. இன்சொல், இன்கனி என்பவற்றின் வழியில் ‘இன்கரும்பு’ இயல்பாக அமைகிறது. புணர்ச்சியிலும் திரிபு இல்லை. ஆலைக்கு வெட்டும் கரும்பும் இனிப்புத்தானே என்று கேட்கலாம். அதற்கு ஆலைக்கரும்பு, கலப்பினக் கரும்பு என்ற பெயர்கள் வழக்கில் உள்ளன. ‘இன்கரும்பு’ என்பதை அஃபிசினேரம் இனத்துக்கே ஒதுக்கிவிடலாம்.

காட்டு இனத்தைப் பேய்க்கரும்பு என்பது அதை இழிவுபடுத்தாதா என்று ஒருவர் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று, உண்ணும் பயிரின் காட்டு உறவைச் சுட்டுவதற்கே நம் மக்கள் இந்த முன்னொட்டை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பயிர்களின் காட்டு உறவினங்கள் என்று இன்று தனித் தலைப்பில் படிக்கும் செய்தியை ஒரே அசையில் சொல்லும் வழக்கு இது, இழக்க வேண்டியதில்லை. நாணல் என்றால் வேறு பல புற்களும் அதில் வந்து சேர்ந்துவிடும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். “கோ 205 முதல் இன்கரும்பேற்றத்திலேயே வயலுக்குச் சென்ற இரகம்.” “பி.ஓ.ஜே. 2878 மூன்றாம் இன்கரும்பேற்றத்தில் கிடைத்தது.” “இன்கரும்பேற்றிய வழிகளில் செவ்வழுகல் நோய்க்குத் தாங்குதிறன் சோதிக்கப்பட்டது.” பெயராகவும் எச்சமாகவும் வரிசை எண்ணோடும் தடையில்லாமல் வருகிறது. ஒன்பது எழுத்து நீளம் என்பது குறைதான். ஆனால் நோபிலைசேஷன் என்று தமிழில் எழுதினாலும் ஆறு எழுத்து வந்துவிடும்.

பட்டியலுக்கான வரையறையை இப்படி முன்மொழிகிறேன். இன்கரும்பேற்றம்: இன்கரும்பைக் காட்டுக்கரும்பு இனத்துடன் கலந்து, வழித்தோன்றல்களை அடுத்தடுத்து இன்கரும்பு வகைகளுடன் கலந்து, காட்டு இனத்தின் தாங்குதிறனோடு சர்க்கரையும் தண்டுப்பருமனும் கொண்ட கரும்புகளைத் தேர்ந்தெடுக்கும் பெருக்கமுறை, முதல் கலப்பும் எண்ணிக்கையில் சேரும். வரையறையில் பேய்க்கரும்பு என்று குறிப்பிடாமல் காட்டுக்கரும்பு இனம் என்று வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன். நியூகினியின் ரோபஸ்டம் போன்ற இனங்களோடு செய்யும் கலப்பும் இதில் அடங்க வேண்டும். எரியாந்தஸ் போன்ற அண்டைப் பேரினங்களோடு செய்யும் கலப்பையும் இதே சொல்லால் குறிக்கலாமா, அதற்கு வேறு சொல் வேண்டுமா என்பதைக் கரும்புக் கலப்பில் நேரடி அனுபவம் உள்ள உறுப்பினர்கள் எழுத வேண்டுகிறேன். அந்த விடை வந்ததும் வரையறையின் முதல் வரியைத் திருத்திப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.